மாமாவிடம் இனி அதைக் கேளாதே

முள்ளியவளை,
கார்த்திகை மாதம்.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய புத்தகமும் நான்கு போஸ்ட்காட்டும் வந்து மூன்று கிழமையாகிறது. உன் சிநேகிதனுடைய தாயார் வருகிற செவ்வாய் ஜேர்மனிக்குத் திரும்புகிறார். அவரிடம் மிளகாய்த்தூளும் ஒடியலும் கொஞ்சம் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தையும் தூள் பையோடு சேர்த்துச் சுற்றியிருக்கிறேன். போனில் சொல்லலாம்தானே என்பாய். நான் போனில் கதைப்பது விறாந்தையில் இருக்கிற மாமாவுக்குக் கேட்கும், எழுதினால் கேட்காது. அதோடு, இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை இது. எழுதும்போதுதான் எனக்கு யோசனை ஒழுங்காக வரும்.

போன ஞாயிறு நீ கதைத்து முடித்ததும் மாமா போனை என்னிடம் தந்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மழை. பொழுதுபட்ட பிறகு நனைந்துபோய் வந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தேன், தொடவில்லை. "தோளுக்குள்ள கிடக்கிற பீஸ் மழைக்குக் குத்துது" என்று படுத்துவிட்டார். பொய்யில்லை, சண்டையில் பட்ட துண்டு அது, மழைக்குக் குத்தும்தான். ஆனால் மழைக்குள் சைக்கிள் ஓடிவிட்டு வந்து மழையைக் குறை சொன்னால் என்ன நியாயம்? அப்பாதான் மெல்லக் கேட்டார், பெடியன் என்ன கேட்டவன் என்று. "சண்டையின்ர கடைசி நேரத்தைப் பத்துப் படமாக் கீறித் தரட்டாம். அங்க கண்காட்சி வைக்கப் போறானாம். கீறாட்டித் துரோகமாம்."

நீ எந்த அர்த்தத்தில் சொல்லியிருப்பாய் என்று எனக்கு விளங்குகிறது. வரலாற்றுக்குத் துரோகம், கலைக்குத் துரோகம் என்று கட்டுரைகளில் வாசித்திருப்பாய். வன்னியில் அந்தச் சொல்லின் பாரம் வேறு, மகன். அந்தச் சொல்லுக்காக ஆட்கள் செத்திருக்கிறார்கள். மாமாவின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

சரி, அதை விடுகிறேன். முதலாம் உலகச் சண்டையில் நின்றுவிட்டு வந்து அதைக் கீறிய ஜேர்மன் ஓவியர் என்று நீ டிக்ஸை உதாரணம் காட்டினாய்தானே, அந்த டிக்ஸைப் பற்றியே கதைப்போம்.

புத்தகம் முழுக்க ஜேர்மன் மொழி. படங்களைப் பார்த்துவிட்டு, போனில் ஆங்கிலத்தில் தேடித் தேடி வாசித்தேன். மூன்று கிழமையாக ஒட்டோ டிக்ஸ் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று அப்பா பகிடி பண்ணுகிறார். எனக்கு முதலில் பிடித்தது சண்டைப் படம் ஒன்றும் இல்லை. தாயும் தகப்பனும் சோபாவில் இருக்கிற போஸ்ட்காட்தான். தகப்பன் இரும்பு வார்க்கிற ஆலைத் தொழிலாளி, தாய் தையல்காரி. 1891 இல் கெரா நகரத்தை ஒட்டிய ஊரில் பிறந்த பிள்ளை, பெரியவனாகி அவர்களை இருத்திக் கீறியிருக்கிறார். அந்தக் கைகளைப் பார்த்தாயா? கணுக்கள் புடைத்து, நரம்பு தெரிய, மடியில் எப்படி வைப்பது என்று தெரியாமல் கிடக்கிற கைகள். உன் அப்பா கலியாண வீடுகளில் நாற்காலியில் இருக்கும்போது அப்படித்தான் வைத்திருப்பார்.

அந்தப் பிள்ளைக்குக் கீற வரும் என்று கண்டு தூக்கிவிட்டது பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் ஒருவர். இதை நான் இரண்டு தரம் வாசித்தேன், ஏன் என்று உனக்குத் தெரியும். அதன் பிறகு நான்கு வருடம் சுவர் அலங்கரிக்கும் பெயின்டர் ஒருவரிடம் தொழில் பழகியிருக்கிறார். டிரெஸ்டன் கலைப் பள்ளியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1914 இல் சண்டை தொடங்கியதும் டிக்ஸ் தானாகப் போய்ச் சேர்ந்தார். 22 வயது. முதலில் பீரங்கிப் படை, 1915 இலிருந்து பிரான்ஸ் முன்னரங்கில் இயந்திரத் துப்பாக்கி அணி. 1916 இல் சொம் ஆற்றங்கரைச் சண்டையில் நின்றார். பிறகு ரஷ்யப் பக்கம், 1918 இல் பெல்ஜியப் பக்கம், கழுத்தில் காயம், இரும்புச் சிலுவைப் பதக்கம். நீ போனில் அவரை என்னவோ சமாதானத் தூதர் போலச் சொன்னாய். மனுசன் வயதுபோன காலத்தில் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார், தான் சமாதானவாதி இல்லை என்று. பக்கத்தில் நிற்கிறவன் திடீரென்று சரிந்து விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் விரும்பிப் போனாராம். வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கப் போனவரின் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவனும் ஒரு தாயின் பிள்ளைதானே. பிறகு யோசித்தேன், மற்றவர்கள் நாட்டுக்காக, நீதிக்காக என்று சொல்லிக்கொள்கிற இடத்தில் இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மரியாதை வருகிறது.

மாமாவும் இயக்கத்துக்கு விரும்பித்தான் போனார். வீட்டுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு போன காலம் பிறகுதான் வந்தது, அப்போது எத்தனை தாய்மார் பிள்ளைகளை நெற்குதிருக்குள் ஒளித்து வைத்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மாமாவின் கதை அதில்லை. 1996, முல்லைத்தீவு ஆமி முகாம் புலிகளிடம் விழுந்த வருடம். ஏ.எல். சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. ஒருநாள் காலையில் ஆளும் இல்லை, என் பெயின்ட் பெட்டியும் இல்லை. கடிதம்கூட எழுதி வைக்கவில்லை. பெட்டியைக் கொண்டுபோனான், அப்படியென்றால் கீறத்தானே போகிறான் என்று அம்மம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். அந்த மனுசி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

பெட்டியைத் திறக்க நேரம் கிடைத்ததோ தெரியாது. ஆமி வன்னிக்குள் இறங்கிய ஜெயசிக்குறுச் சண்டைக்குள் போய்விட்டார். எப்போதாவது யாராவது கையில் துண்டு வரும். மலிபன் பிஸ்கட் பெட்டியை வெட்டி, அதன் உட்பக்கத்தில் பேனையால் கீறியிருப்பார். நித்திரை கொள்கிற பெடியளின் உள்ளங்கால்கள். முட்கம்பியில் காய்கிற சேட்டு. ஒரு நாய், அதற்குக் கீழே "இவருக்கு எங்களைவிட நல்ல சாப்பாடு" என்று ஒரு வரி. டிக்ஸும் முன்னரங்கிலிருந்து டிரெஸ்டனில் இருந்த ஒரு சிநேகிதிக்குப் போஸ்ட்காட் போஸ்ட்காட்டாகக் கீறி அனுப்பியிருக்கிறார். எஸ்பெராண்டோ என்று உலகத்துக்கே பொதுவாக ஒரு பாஷை உண்டாக்கினார்களே, அதில்தான் எழுதுவாராம். ஒரு பக்கம் எதிரியைச் சுட்டுக்கொண்டு மறுபக்கம் உலகத்துக்குப் பொதுப் பாஷை. மனுசரை விளங்க முடியாது.

1998 இல் மாமாவுக்குத் தோளில் பட்டது. அதற்குப் பிறகு சண்டைக்கு அனுப்பவில்லை, கீறும் வேலைக்கு விட்டார்கள். உனக்கு இந்தக் காலத்தைத்தான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கார்த்திகை 27, மாவீரர் நாள் நெருங்கினால் மாமாவுக்கு நித்திரை இல்லை. தாய்மார் வருவார்கள். கையில் அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம், சில நேரம் பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் கடுகளவு முகம். அதைப் பார்த்து ஆளுயரத்துக்குக் கீற வேண்டும். மாமா கண்ணில்தான் தொடங்குவார். கண் சரியாக வந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பார். ஒரு தாய் வந்து, வரிச் சீருடை வேண்டாம், தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலச் சேட்டோடு கீறித் தா என்று கேட்டா. அப்படிக் கீற அனுமதி இல்லை. மாமா பெரிய படத்தைச் சீருடையோடு கீறிக் கொடுத்துவிட்டு, இரவு எங்கள் வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் நீலச் சேட்டோடு சின்னதாக ஒன்று கீறினார். அதை அந்தத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வாங்கிக்கொண்டு, சேட்டின் இரண்டாவது பொத்தான் வேறு நிறம் என்று சொல்லிவிட்டு அழுதா.

எத்தனை முகம் கீறினார் என்று நான் கேட்டதில்லை. அவருக்கு எண்ணிக்கை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இப்போதும் கிளிநொச்சிச் சந்தையில் யாரையாவது கண்டால் சில நேரம் சட்டென்று மறுபக்கம் திரும்பிவிடுவார். ஆள் அந்த முகத்தின் தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கும், அதே கண்.

நீ கேட்பது அந்த முகங்களையும் இல்லை. 2009 இல் சண்டையின் கடைசி ஐந்து மாதத்தைக் கேட்கிறாய். உனக்கு அப்போது ஒன்பது வயது. புதுக்குடியிருப்பில் பங்கருக்கு மண் மூட்டை போதாமல் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சாறிகளைக் கிழித்துத் தைத்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். கடைசியாக என் கலியாணக் கூறையையும் கிழித்தேன். டிக்ஸின் பதுங்குகுழி அச்சுப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை, மகன். எங்கள் பங்கருக்குச் சரிகைக் கரை இருந்தது. மாசி மாதம் ஒருநாள் மாமா எங்களைத் தேடிப் பிடித்து வந்தார், அரை மணித்தியாலம் நின்றிருப்பார். அந்த ஈரச் சரிகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைக் கீறினா ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார். நான் அறிய, கடைசி நேரத்தைக் கீறுவது பற்றி அவர் கதைத்தது அந்த ஒரு தரம்தான்.

டிக்ஸும் சண்டை முடிந்தவுடன் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடவில்லை. பத்து வருடமாவது கனவு வந்ததாம், இடிந்த வீடுகளுக்குள்ளே, உடம்பு நுழையாத இடுக்குகள் வழியாக ஊர்ந்து போகிற கனவு. 1920 இல் தொடங்கிய பதுங்குகுழி ஓவியத்தை 1923 இல்தான் முடித்தார். 50 தகடு கொண்ட செதுக்கோவியத் தொகுதி 1924 இல். அதற்காக, கண்டது போதாதென்று சிசிலித் தீவுக்குப் போய்ப் பலேர்மோ நகரத்து நிலவறைகளில் காய்ந்து கிடக்கிற பிணங்களைப் பார்த்துக் கீறிக்கொண்டு வந்தார். மாமாவுக்கு அந்தப் பயணம் தேவைப்படாது.

அந்தச் செதுக்கோவியம் செய்கிற முறையை நான் பிள்ளைகளுக்குப் பாடமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன், செய்து காட்ட வசதி இருக்கவில்லை. தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்துக்குள் போடுவது. கீறின இடத்தை அமிலம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மை நிற்கும். டிக்ஸ் சில தகடுகளை வேண்டுமென்றே கூடத் தின்னவிட்டிருக்கிறார், முகம் அழுகினது போலத் தெரிவது அதனால்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கை நடுங்காமல் செய்திருக்கிறார். அந்த நடுக்கம் இல்லாமல் போக எத்தனை வருடம் எடுத்திருக்கும்?

பிறகு நடந்ததையும் நீ மாமாவுக்குச் சொல்லவில்லை. பதுங்குகுழி ஓவியத்தைக் கொலோன் நகரத்து அருங்காட்சியகம் வாங்கியது. பார்த்த விமர்சகர் ஒருவர் வாந்தி வருகிறது என்ற பாணியில் எழுதினார். சனம் கொதித்ததில் படத்துக்கு முன்னால் திரை போட்டு மூடினார்கள். மேயராக இருந்தவர் கொன்ராட் அடெனவர், பின்னாளில் மேற்கு ஜேர்மனியின் ஆட்சித் தலைவரான அதே ஆள்தான். அவர் அந்தப் படம் வேண்டாம் என்று திருப்பிவிட்டார். 1933 இல் ஹிட்லர் வந்ததும் டிரெஸ்டன் கலைக்கழகத்துப் பேராசிரியர் வேலை போனது. சொன்ன காரணங்களில் ஒன்று, இந்தப் படங்கள் மக்களின் போரிடும் மனத்தைக் கெடுக்கும் என்பது. 1937 இல் மியூனிச்சில் 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து, ஏளனம் செய்யவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அந்தப் பெரிய ஓவியம் அதிலும் தொங்கியது. அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

இதை வாசித்தபோது எனக்கு அங்கர் பால்மா டின்தான் நினைவுக்கு வந்தது. மாமாவின் கொப்பி ஒன்று, பிஸ்கட் பெட்டித் துண்டுகள், அந்த நீலச் சேட்டுப் படத்தின் முதல் கீறல், எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி அந்த டின்னுக்குள் வைத்து உடையார்கட்டில் ஒரு பாலை மரத்தடியில் தாட்டோம். நானும் அப்பாவும்தான் கிண்டினோம். செட்டிகுளம் முகாமால் வெளியே வந்து, மாமாவும் புனர்வாழ்வு முடிந்து வந்த பிறகு போய்ப் பார்த்தோம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நட்டிருந்தது. மிதிவெடி எடுத்து முடித்துக் காணியைத் திறந்தபோது மரமே இல்லை. பெக்கோ மெசின் போட்டுக் கிளறியிருந்தார்கள். மாமா மண்வெட்டியைக்கூடக் கீழே இறக்கவில்லை. "வா அக்கா, பஸ் போயிடும்" என்றார்.

இப்போது நீ சொன்ன மற்றதற்கு வருகிறேன். "மாமா அங்க லட்சுமிப் படமும் கோயில் குதிரையும் கீறிக்கொண்டு இருக்கிறார்" என்று சிரித்தாய். வேலை இழந்த டிக்ஸ் எங்கே போனார் தெரியுமா? நீ இருக்கிற ஸ்டுட்காட்டிலிருந்து தெற்கே, சுவிஸ் எல்லை ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு. அங்கே மலையும் மரமும் பனியும் கீறினார், வருடக்கணக்காக. 1945 இல், 53 வயதில், மறுபடி படைக்குப் பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டுக் கொல்மார் கைதி முகாமில் இருந்தபோது, முகாமின் சிற்றாலயத்துக்கு மாதா படம் கீறிக் கொடுத்திருக்கிறார். பின்னால் முட்கம்பியும் இடிபாடும் இருக்கிற மாதா. அது மட்டும் கலை, எங்கள் குதிரை வாகனம் கலையில்லையா?

பெயர்ப்பலகை வேலையும் இப்போது குறைவு. எல்லோரும் டிஜிட்டல் பிரின்ட் அடிக்கிறார்கள், ஒரு மணித்தியாலத்தில் கைக்கு வந்துவிடும். ஆறு மாதத்தில் வெயிலுக்கு வெளிறியும்விடும், அது வேறு. பரந்தன் பக்கத்தில் இரண்டு மூன்று பழைய கடைக்காரர்தான் இன்னும் மாமாவைக் கூப்பிட்டு எழுதுவிக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். நீ கண்காட்சி வைத்துவிட்டு ஸ்டுட்காட்டில் வேலைக்குப் போவாய். படத்தின் கீழே மாமாவின் பெயர் இருக்கும். மாமா இங்கே இருக்கிறார். வீட்டுக்கு விசாரிக்க ஆட்கள் வருவது குறைந்து இப்போதுதான் நாங்கள் படலையைச் சாத்தாமல் இருக்கப் பழகியிருக்கிறோம்.

அதனால் மாமாவிடம் இனிக் கேளாதே. கீற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேளாதே என்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரப்போவதாகச் சொன்னாய். வந்தால் ஒரு கிழமை மாமாவோடு கோயில் மண்டபத்துக்குப் போ. குதிரைக்குப் பழைய பெயின்டைச் சுரண்டி, மண்தாள் போட்டுத் தேய்த்து, பூச்சுப் பூசுகிற வேலை இருக்கிறது, தோள் வலியோடு அவர் தனியாகச் செய்ய ஏலாது. கதையாமல் தேய். அவர் கதைத்தால் கேள். கதைக்காவிட்டாலும் குதிரை பளிச்சென்று வரும்.

நேற்று இரவு மாமா அந்தத் தாய் தகப்பன் போஸ்ட்காட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இவன் கையில தொடங்கியிருக்கிறான் அக்கா, முகம் பிறகுதான்" என்றார். அது உண்மையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் படத்தைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகு நான் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீறவில்லை, சும்மா பார்த்தார். இதை நான் உனக்கு எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

எழுத்து எழுதுகிற, நீண்ட மயிர் வைத்த பிரஷ் இங்கே நல்லது கிடைப்பதில்லை. பழைய ஒன்றைப் பிளேடால் வெட்டி வெட்டிப் பாவிக்கிறார். 4 ஆம் நம்பரும் 8 ஆம் நம்பரும் வரும்போது கொண்டுவா. நான் சொன்னதாகச் சொல்லாதே.

தூளைப் போத்தலில் போடும் முன் ஒருக்கால் விரித்து ஆறவிடு. மழைக்காலத்தில் இடித்தது, கட்டி பிடிக்கும்.

அம்மா